குஞ்சைப் பார்த்துக் குலம் சொல்லலாமா?

கோழி வளர்ப்போர் கையில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு வகை நூல் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் சில பக்கங்கள். கொண்டையின் வடிவம், காதுமடலின் நிறம், காலின் நிறம், விரல்களின் எண்ணிக்கை, இறகின் கோலம், எடை என்று வரிசையாக விவரம். உடன் ஒரு படம். இவற்றை இன இலக்கண நூல்கள் எனலாம். செய்யுளுக்கு யாப்பிலக்கணம் எப்படியோ, கண்காட்சிக் கோழிக்கு இந்நூல்கள் அப்படி. வெண்பாவுக்கு இலக்கணம் சொல்லும் நூல், கையில் கிடைத்த பாதி வரியைப் பார்த்து இது எந்தப் பாவகை என்று சொல்லும் வித்தையைக் கற்றுத் தருவதில்லை. ஆனால் கோழி இலக்கண நூல்களிடமிருந்து மக்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அந்த வித்தையைத்தான். கொல்லையில் ஓடும் ஆறு வாரக் குஞ்சைப் பிடித்துவைத்துக்கொண்டு, நூலைப் புரட்டி, ‘இது இன்ன இனம்’ என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இயற்பியல் கற்பிப்பவன். கோழியியல் என் துறையன்று. எனினும் ஓர் அளவீட்டிலிருந்து அதன் காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் வழி எந்தத் துறையிலும் ஒன்றே.

இந்நூல்களின் பிறப்பை முதலில் பார்ப்போம். பிரிட்டனில் 1865இல் டெகெட்மெய்ர் என்பவர் பதிப்பித்த கண்காட்சிக் கோழி இலக்கணம் இவ்வகையில் முன்னோடி. இவர் டார்வினின் நண்பர். கோழி, புறா பற்றி டார்வினுக்கு ஏராளமான செய்திகள் தந்து உதவியவர். அமெரிக்காவில் 1873இல் பஃபலோ நகரில் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் தோன்றி, அடுத்த ஆண்டே தன் இலக்கண நூலை வெளியிட்டது. பிற்காலத்தில் ‘நிறைவின் இலக்கணம்’ என்று பொருள்படும் பெயர் பெற்று, பல பதிப்புகள் கண்டு, இன்றும் வழக்கில் இருப்பது அந்நூல்தான். இவை எழுந்த காரணம் ஒன்றே: கண்காட்சியில் நடுவர்களுக்குள் சண்டை வரக்கூடாது. கொண்டைக்கு இத்தனை மதிப்பெண், இறகுக்கு இத்தனை மதிப்பெண், எல்லாம் சேர்ந்து நூறு என்று வகுத்துவிட்டால் பரிசை யாருக்குக் கொடுப்பது என்பது எளிதாகிவிடும்.

அந்த வேலையை இந்நூல்கள் திறம்படச் செய்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிளிமத் ராக் இனத்தில் வளர்ந்த சேவல் ஒன்பதரை பவுண்டு, ஓராண்டு நிரம்பாத இளஞ்சேவல் எட்டு பவுண்டு, கோழி ஏழரை, வெடைக்கோழி ஆறு என்று அமெரிக்க நூல் துல்லியமாக வகுக்கிறது. கவனிக்க வேண்டியது: அதில் ‘இளம்’ என்று குறிப்பிடப்படுவதே ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள பறவை. தூவி மாறாத குஞ்சும், கழுத்தில் பாதி இறகும் பாதி வெறுந்தோலுமாக நிற்கும் ஆறு வாரக் குஞ்சும் அந்நூலின் கண்ணில் படுபவையே அல்ல. கண்காட்சிக்கு அவற்றை யாரும் கொண்டுவருவதில்லை அல்லவா?

இது முதல் குறை. வயதுதான் சிக்கல் எனின், குஞ்சுகளுக்கென்று ஒரு பின்னிணைப்புச் சேர்த்துவிட்டால் போதுமே என்று வாசகர் கேட்கலாம். போதாது. அடிப்படைச் சிக்கல் வேறு.

சோடியம் ஆவியை எரித்தால் நிறமாலையில் 589.0, 589.6 நானோமீட்டரில் இரண்டு மஞ்சள் கோடுகள் தோன்றும். இது முன்னோக்கிய கூற்று. இந்தக் கோடுகள் தோன்றினால் அங்கே சோடியம் இருக்கிறது என்பது பின்னோக்கிய கூற்று. முன்னது உண்மையாக இருப்பதாலேயே பின்னதும் உண்மையாகிவிடாது. வேறெந்தத் தனிமமும் அதே இரட்டைக் கோட்டைத் தராது என்று தனியாக நிறுவப்பட்டிருப்பதால்தான் சூரியனில் சோடியம் இருப்பதை இங்கிருந்தபடியே சொல்ல முடிகிறது. கோழி இலக்கணம் முழுவதும் முன்னோக்கிய கூற்றுகள்: ‘இந்த இனம் எனின் இந்தத் தோற்றம்.’ அதைத் திருப்பிப் படித்து, ‘இந்தத் தோற்றம் எனின் இந்த இனம்’ என்று சொல்ல வேண்டுமானால், வேறெந்த இனமும், வேறெந்தக் கலப்பும் அத்தோற்றத்தைத் தராது என்று காட்டியாக வேண்டும். அப்படிக் காட்ட முடியுமா?

தூவியிலிருந்து தொடங்குவோம். பொரித்த அன்று மஞ்சள் பஞ்சுபோல் இருக்கும் குஞ்சு வெள்ளை லெகார்னாக இருக்கலாம். வெள்ளை பிளிமத் ராக்காக இருக்கலாம். வளர்ந்தபின் பொன்னிற இறகு போர்த்தும் பஃப் ஆர்பிங்டனாகவும் இருக்கலாம். முதுகில் அணில் வரிபோலக் கோடுகள் கொண்ட குஞ்சு பழுப்பு லெகார்ன் ஆகலாம், வெல்சம்மர் ஆகலாம், காட்டில் திரியும் செங்காட்டுக்கோழியின் குஞ்சும் அதே அணில்தான். கோழிகளின் மூதாதையான அக்காட்டுக்கோழியின் நிற அமைப்பை மாறாமல் வைத்திருக்கும் இனங்கள் எல்லாவற்றிலும் இந்த வரிகள் தோன்றும். நம் கொல்லைகளில் எந்தக் கணக்கிலும் சேராமல் வளரும் நாட்டுக்கோழிகளிலும் அணில் முதுகுக் குஞ்சுகள் உண்டு.

வெண்மை ஒன்றே என்று நினைப்பதுகூடத் தவறு. வெள்ளை லெகார்னில் இருப்பது நிறத்தைத் தடுக்கும் ஓர் ஓங்கு மரபணு. அத்தடைக்குப் பின்னால் கறுப்போ வேறு நிறமோ ஒளிந்திருக்கலாம். வெள்ளை வையண்டாட்டில் நிறமி உண்டாக்கும் ஆற்றலே இல்லை. இது ஒடுங்கு பண்பு. இவ்விரண்டையும் இணைத்தால் பிறக்கும் குஞ்சுகள், சிற்சில கரும்புள்ளிகள் தவிர, வெள்ளையே. அந்த வெள்ளைக் குஞ்சுகளை வளர்த்துத் தமக்குள் இணைத்தால்? தடை இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நிறமி ஆற்றலோடு பிறக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. இரண்டும் சேரும் வாய்ப்பு பதினாறில் மூன்று. வெள்ளைத் தாத்தா, வெள்ளைப் பாட்டி, வெள்ளைப் பெற்றோர். பேரக்குஞ்சுகளில் பதினாறுக்கு மூன்று நிறத்தோடு ஓடும். தோற்றத்தைக் கொண்டு குலம் சொல்பவர் இந்த மூன்றையும் எந்தப் பக்கத்தில் தேடுவார்?

இனி, பலராலும் உறுதியானது என்று கருதப்படும் ஓர் அடையாளத்தைச் சோதிப்போம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பிளிமத் ராக்கின் குஞ்சு, உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டுடன் கறுப்பாகப் பிறக்கிறது. இது முற்றிலும் உண்மை. ஆனால் அமெரிக்கப் பொரிப்பகங்கள் இதே இனத்துப் பெட்டையோடு ரோட் ஐலண்டு ரெட் சேவலை இணைத்து ஒரு கலப்பினத்தையும் விற்கின்றன. அதில் சேவல் குஞ்சுகள் பொட்டோடு கறுப்பாகவும், பெட்டைக் குஞ்சுகள் பொட்டில்லாமல் முழுக்கறுப்பாகவும் பிறக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பொரிப்பகத்தில் தூய இனக் குஞ்சுகள் 100, கலப்பினக் குஞ்சுகள் 400 பொரிக்கின்றன. கலப்பினத்தில் சேவல் 200, பெட்டை 200. எல்லாம் ஒரே கூடையில் கலந்துவிட்டன. பொட்டு வைத்த குஞ்சுகளை மட்டும் பொறுக்கினால் 300 வரும். அவற்றில் தூய இனம் எத்தனை? நூறு. ‘தூய இனத்துக் குஞ்சு எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு’ என்ற நூலின் கூற்று நூற்றுக்கு நூறு சரி. ‘பொட்டு இருப்பதால் இது தூய இனம்’ என்ற தீர்ப்போ மூன்றில் ஒரு முறைதான் சரி. நூலில் பிழை ஒன்றுமில்லை; திருப்பிப் படித்ததுதான் பிழை. கூடையில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது தெரியாமல், அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாய்ப்பைக் கணிக்க முடியாது. நிகழ்தகவுப் பாடத்தில் பேயஸ் தேற்றம் என்று நாம் படிப்பது இதைத்தான்.

சில வாரங்கள் பொறுத்து இறகு முளைத்தபின் பார்த்தால் தெளிவாகிவிடாதா? இன்னும் குழப்பமாகும்! காரணம் சுவையானது. பட்டைக் கோலத்துக்கான மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் சேவலுக்கு இசட் இரண்டு. பெட்டைக்கு ஒன்றே, உடன் ஒரு டபிள்யூ. எனவே தூய இனச் சேவலுக்குப் பட்டை மரபணு இரண்டு மடங்கு, நிறம் வெளிர்ந்திருக்கும். தூய இனப் பெட்டைக்கு ஒரு மடங்கு, நிறம் அடர்ந்திருக்கும். ‘வெளிர்பட்டை சேவல், அடர்பட்டை பெட்டை’ என்ற வாய்பாடு இப்படி வந்தது. ஆனால் மேற்சொன்ன கலப்பினச் சேவலுக்குத் தாய்வழி வந்த ஒரே ஒரு பட்டை மரபணுதான் உண்டு. அதனால் அதுவும் அடர்பட்டையாக வளரும். வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர் அதைத் தூய இன வெடைக்கோழி என்று சொல்லி, முட்டைக்காகக் காத்திருப்பார். இனமும் தவறு, பாலும் தவறு. கொண்டை சிவந்து ஒரு நாள் விடியலில் அது கூவும்போதுதான் உண்மை தெரியும்.

வடிவங்களைப் பற்றியும் பேச வேண்டும். கொண்டை, விரல் போன்றவை நிறத்தைவிட உறுதியானவை, குஞ்சிலேயே தெரிபவை என்பது பொதுவான நம்பிக்கை. இங்கே வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் டொமினிக் என்ற பட்டைக்கோழி நெடுங்காலம் வளர்க்கப்பட்டு வந்தது. அதில் ஒற்றைக் கொண்டையும் ரோஜாக் கொண்டையும் கலந்தே இருந்தன. 1871 வாக்கில் நியூயார்க்கில் கோழிக் கண்காட்சி நடத்துவோர் ஒரு முடிவு செய்தார்கள்: ரோஜாக் கொண்டை உள்ளது மட்டுமே டொமினிக். ஒற்றைக் கொண்டை உள்ளவை பிளிமத் ராக் பக்கம் ஒதுக்கப்பட்டன. ஒரே கூட்டில், ஒரே தாயிடம் பிறந்த இரண்டு குஞ்சுகள், ஒரு மரபணு வேறுபட்டதால், கூட்டத்தில் கை தூக்கிய சிலரால் இரண்டு இனங்களாயின. இனம் என்பது தனிமங்களைப்போல இயற்கை வகுத்த பெட்டி என்று நினைக்கும் மாணவர்கள் இந்நிகழ்ச்சியை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான வேடிக்கை வையண்டாட்டில் இருக்கிறது. இலக்கணப்படி அதற்கு ரோஜாக் கொண்டை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தூய்மை காத்த மந்தைகளிலும் அவ்வப்போது ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறந்துவிடுகிறது. ரோஜாக் கொண்டை மரபணுவை இரட்டையாகப் பெற்ற சேவல்களுக்கு இனப்பெருக்க வளம் குறைவு. ஒற்றையாகப் பெற்ற சேவல்களே மிகுதியாகக் குஞ்சுகளைத் தருகின்றன. அவற்றின் வழியே ஒற்றைக் கொண்டை மறைந்து மறைந்து தொடர்கிறது. ஏழாவது குரோமோசோமில் ஒரு நீண்ட துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதே ரோஜாக் கொண்டைக்குக் காரணம் என்றும், அத்திருப்பத்தின் ஒரு முனை விந்தணுவின் இயக்கத்தோடு தொடர்புடைய மற்றொரு மரபணுவை உடைக்கிறது என்றும் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே நூல் எந்தக் கொண்டையைக் கட்டாயமாக்கியதோ, அந்தக் கொண்டையே தூய மந்தையில் ‘தூய்மையற்ற’ குஞ்சுகளை நிலைக்க வைக்கிறது. அப்படிப் பிறந்த குஞ்சு வையண்டாட்டா, இல்லையா? பெற்றோரைப் பார்த்தால் ஆம். நூலைப் பார்த்தால் இல்லை. குலம் என்பது பிறப்பா, தோற்றமா என்ற கேள்விக்கு நூல் விடை சொல்லாமல் நழுவிவிடுகிறது. என் பார்வையில் இது அதன் மிகப் பெரிய குறை.

இலக்கண நூல்களோடு ஒப்பிட்டுப் படிக்கத்தக்கது புன்னட் எழுதி 1923இல் வெளிவந்த ‘கோழிகளில் மரபுவழி’ என்ற பொருளுள்ள நூல். பள்ளி உயிரியலில் கட்டம் போட்டுக் கணக்கிடுகிறோமே, அந்தப் புன்னட் கட்டத்துக்குப் பெயர் தந்தவர் இவர்தான். மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை பேட்சன் 1902இல் கோழிக் கொண்டைகளைக் கொண்டே காட்டினார்; அப்பணியில் பின்னர் இணைந்தவர் புன்னட். ரோஜாக் கொண்டையையும் பட்டாணிக் கொண்டையையும் இணைத்தால் இரண்டும் அல்லாத வால்நட் கொண்டை தோன்றுகிறது. வால்நட் கொண்டைகளைத் தமக்குள் இணைத்தால் ஒன்பது வால்நட், மூன்று ரோஜா, மூன்று பட்டாணி, ஒன்று ஒற்றை என்று பதினாறு பிரிகிறது. பெற்றோரிடமும் இல்லாத, தாத்தா பாட்டியிடமும் இல்லாத ஒற்றைக் கொண்டை பதினாறில் ஒன்றாக வந்து நிற்கிறது. இலக்கண நூல் பறவையை ஒரு முழு உருவமாகப் பார்த்தது. புன்னட் அதைத் தனித்தனிப் பண்புகளாகப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பிரிப்பில்தான் அறிவியல் தொடங்கியது.

அவருடைய அறிவு பயனும் தந்தது. முதல் உலகப் போரில் தீவனம் தட்டுப்பட்டபோது, பால் சார்ந்த நிறப் பண்புகளைக் கொண்டு பொரித்த அன்றே சேவல் குஞ்சுகளைப் பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர். ரோட் ஐலண்டு ரெட் சேவலையும் லைட் சஸெக்ஸ் பெட்டையையும் இணைத்தால் பெட்டைக் குஞ்சுகள் செம்பொன்னாகவும் சேவல் குஞ்சுகள் வெளிர்நிறமாகவும் பிறக்கும். 1920களின் இறுதியில் அவரும் பீஸ் என்பவரும் கேம்பிரிட்ஜில் கேம்பார் என்ற புதிய இனத்தையே உருவாக்கினார்கள். பட்டை மரபணு ஒன்றா இரண்டா என்பது தூவியின் வெளிறலிலேயே தெரிவதால், அவ்வினத்தில் ஒரு நாள் குஞ்சிலேயே பால் தெரியும்.

ஆயினும் புன்னட்டின் முறையைப் படித்துவிட்டுக் கொல்லைக் குஞ்சை அளக்கப் புறப்படுவோருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. அவருடைய கட்டங்கள் எல்லாம் பெற்றோர் யார் என்று தெரிந்த இடத்தில் தொடங்குகின்றன. கொல்லையில் தெரியாதது அதுவேதான். ஓர் எடுத்துக்காட்டு. சிலி நாட்டிலிருந்து வந்த அரௌகானா கோழி நீல முட்டை இடும். அதன் வழியில் தோன்றிய அமெரௌகானா இனத்தை அமெரிக்கச் சங்கம் 1984இல் ஏற்றுக்கொண்டது. அமெரௌகானாவுக்குப் பட்டாணிக் கொண்டை. நீல முட்டைக்கான மரபணுவும் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் மிக அருகருகே உள்ளன. நூற்றில் சிலவற்றில்தான் இரண்டும் பிரிகின்றன. எனவே அமெரௌகானாச் சேவலை ஒற்றைக் கொண்டைப் பெட்டையோடு இணைத்து, அக்கலப்பை மறுபடியும் ஒற்றைக் கொண்டைக் கோழியோடு இணைத்தால், குஞ்சின் கொண்டையைப் பார்த்தே முட்டை நீலமாகுமா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். அருமையான அடையாளம்! ஆனால் பிரம்மாவுக்கும் பட்டாணிக் கொண்டை. நம் நாட்டு அசீலுக்கும் பட்டாணிக் கொண்டை. அவை இடுவது நீல முட்டையன்று. அதே கொண்டை, குடும்பம் தெரிந்த இடத்தில் சான்று. தெரியாத இடத்தில் வெறும் கொண்டை.

தோற்றத்தைக் கண்டு குலம் தீர்ப்பதில் டார்வினே ஓரிடத்தில் சறுக்கினார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் தோன்றும் மாறுபாடுகள் பற்றி 1868இல் அவர் வெளியிட்ட நூலில் கோழிக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. மண்டையோடுகளை ஒப்பிட்டு, இனங்களைக் கலந்து சோதித்து, எல்லா வளர்ப்புக் கோழிகளும் செங்காட்டுக்கோழி என்ற ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று அவர் முடிவு கட்டினார். தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியை மூதாதையர் பட்டியலிலிருந்து நீக்கினார். அதன் கழுத்திறகில் மெழுகுத் துளிபோன்ற தகடுகள் உண்டு, எந்த வளர்ப்புக் கோழியிலும் அவை இல்லை, குரல் வேறு, கலப்புக் குஞ்சுகளின் இனப்பெருக்க வளமும் மிகக் குறைவு. வாதம் வலுவானதே. முடிவில் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. 863 கோழி மரபுத்தொகுதிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வும் செங்காட்டுக்கோழியின் ஒரு கிளையையே முதன்மை மூதாதையாகக் காட்டியது. ஆனால் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு வடிவம் செங்காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்தே வந்திருக்கிறது என்று காட்டியது. தீவனத்திலுள்ள மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் நொதி தோலில் குறைந்துபோவதால் கால் மஞ்சளாகிறது. அமெரிக்கப் பிளிமத் ராக்கின் மஞ்சள் காலில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவையின் பங்கு ஒன்று இருக்கிறது! மெழுகுத் தகட்டைத் தேடிய கண்ணுக்கு மஞ்சள் கால் படவில்லை. அக்காலத்தில் மரபணு என்ற கருத்தே உருவாகாததால் இதை டார்வினின் குற்றமாகச் சொல்வது நியாயமாகாது. ஆனால் ஓர் இனத்தின் சாயல் இல்லை என்பதால் அதன் இரத்தமே இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இதெல்லாம் அயல்நாட்டுக் கண்காட்சிக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய கடக்நாத் கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டிலும் கருங்கோழி என்ற பெயரில் அது பரவியிருக்கிறது. வாங்குபவர் பார்ப்பது கறுப்பை மட்டுமே. முதலில், இறகின் கறுப்பு எதையும் காட்டாது. கடக்நாத்திலேயே முழுக்கறுப்பு, கோடிட்டது, பொன்னிறம் என்று மூன்று வகை உண்டு. தோலும் எலும்புறையும் கறுத்திருப்பதே சிறப்பு. அந்தக் கறுப்பும் தூய்மைக்குச் சான்றாகுமா? இதே வகைக் கறுப்பை உடைய சில்க்கி கோழியைப் பழுப்பு லெகார்னோடு இணைத்து பேட்சனும் புன்னட்டும் 1911இலேயே சோதித்திருக்கிறார்கள். சில்க்கிச் சேவலையும் லெகார்ன் பெட்டையையும் இணைத்தபோது பெண் குஞ்சுகள் நன்றாகக் கறுத்தன. ஆண் குஞ்சுகள் வெளுத்தன. மாற்றி இணைத்தபோது இருபாலும் ஏறத்தாழ வெளுத்தன. கறுப்பு ஓங்கு பண்பு. அதைத் தடுக்கும் வேறொரு மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. அதைச் சேவல் குஞ்சு தாயிடமிருந்து பெறும், பெட்டைக் குஞ்சு பெறாது.

இதை நம் கொல்லைக்குப் பொருத்திப் பாருங்கள். கருங்கோழிச் சேவலொன்று நாட்டுப் பெட்டையோடு சேர்ந்தால் பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் கறுக்கும். நாட்டுக்கோழியிடம் அந்தத் தடை மரபணு இல்லாவிட்டால் சேவல் குஞ்சுகளும் கறுக்கும். அப்படிப்பட்ட நாட்டுக்கோழியோடே தலைமுறைதோறும் இணைத்து, ஒவ்வொரு முறையும் கறுத்த குஞ்சை மட்டும் பொறுக்கி வளர்த்தால் என்ன ஆகும்? முதல் தலைமுறையில் கருங்கோழியின் பங்கு பாதி, அடுத்து கால், பிறகு அரைக்கால், வீசம், ஐந்தாம் தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒன்று. நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கே தேறும் அந்தக் குஞ்சும் தோலைக் கிள்ளிப் பார்த்தால் கறுப்பாகவே இருக்கும். வாங்குபவரின் பணம் போவது ஒரு புறம். கறுப்பே அடையாளம் என்று வைத்துக்கொண்டு மந்தைகளைப் பெருக்கினால், அந்த இனத்துக்குரிய மற்ற மரபணுக்கள் யாரும் அறியாமலே கரைந்துபோகும். தோற்றம் மட்டும் மிஞ்சும். இழப்பைக் கண்டுபிடிக்கவும் கண்ணுக்கு வழியிருக்காது.

நம் கிராமத்தார் இவ்விஷயத்தில் நூலாசிரியர்களைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காகம், கீரி, மயில் என்று சேவலுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் இறகின் நிறத்தைச் சொல்பவை. பெருவிடை, சிறுவிடை என்பவை உருவத்தைச் சொல்பவை. கண்ணால் கண்டதற்குப் பெயர் வைத்தார்கள். காணாத பாட்டனுக்கு வைக்கவில்லை.

அப்படியானால் குஞ்சின் தோற்றத்தால் பயனே இல்லையா? உண்டு, ‘ஆம்’ என்று சொல்வதைவிட ‘இல்லை’ என்று சொல்வதற்கு அது உதவும். ஐந்து விரல் டார்க்கிங்கின் அடையாளம். ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா முதலாம் நூற்றாண்டிலேயே ஐந்து விரல் கோழிகளைப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் சில்க்கி, ஃபாவெரோல், ஹூடான் ஆகியவற்றுக்கும் ஐந்து விரல் என்பதால், ஐந்து விரலைக் கண்டு டார்க்கிங் என்று சொல்ல முடியாது. நான்கு விரலைக் கண்டு, டார்க்கிங் என்று விற்கப்பட்ட குஞ்சைச் சந்தேகிக்க மட்டும் முடியும். மரபணுச் சோதனையும் இன்று இருக்கிறது. அதற்கும் ஒப்பிட்டுப் பார்க்கத் தூய்மை தெரிந்த மந்தைகளின் பதிவு வேண்டும். அப்போதும் அது சொல்வது எந்த மந்தைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதையே.

இலக்கண நூல்களின் அடுத்த பதிப்பை எழுதுவோரும், தமிழில் கோழி வளர்ப்பு நூல் எழுதுவோரும் மூன்றைச் சேர்த்தால் நன்று. ஒவ்வோர் இனத்துக்கும் முதல் நாள், நான்காம் வாரம், பன்னிரண்டாம் வாரம் என்று மூன்று படங்கள். அவற்றின் கீழே, அதே தோற்றம் தரும் பிற இனங்கள், கலப்புகள் எவை என்ற பட்டியல். மூன்றாவதாக, விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: தாயும் தந்தையும் எந்த மந்தை? அவற்றைக் காட்ட முடியுமா? அம்மந்தையில் வெளிச்சேவல் கடைசியாக எப்போது நுழைந்தது?